கம்பெனிக்குச் சொந்தமில்லாத மண்: அப்பலாச்சிய நிலக்கரி ஊர்களின் வாழ்வும் போராட்டமும்

1920 மே 19 அன்று மேற்கு வர்ஜீனியாவின் மேட்வான் ரயில் நிலையத்தில் பால்டுவின்-ஃபெல்ட்ஸ் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்கள் துப்பாக்கிகளோடு வந்து இறங்கினார்கள். ஸ்டோன் மவுண்டன் நிலக்கரிக் கம்பெனியின் குடியிருப்புக்குப் போய், சங்கத்தில் சேர்ந்த தொழிலாளர் குடும்பங்களின் தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே தூக்கிப் போட்டார்கள். வேலையை முடித்துக்கொண்டு மாலை ரயிலுக்குக் கிளம்பியவர்களை ஊரின் போலீஸ் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டும் மேயர் கேபெல் டெஸ்டர்மனும் மறித்தார்கள். வாக்குவாதம் முற்றித் துப்பாக்கிகள் வெடித்தன. நிறுவனத்தின் ஆட்கள் 7 பேர், சுரங்கத் தொழிலாளர் 2 பேர், மேயர் என 10 உயிர்கள் போயின.

அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றில் மேட்வான் என்றால் இந்த மாலை நேரத் துப்பாக்கிச் சூடுதான் நினைவுக்கு வரும். ஆனால் அன்று பகலில் நடந்த வீட்டுப் பறிப்பைப் பார்க்காமல் மாலையைப் புரிந்துகொள்ள முடியாது. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. மேட்வான் கம்பெனி கட்டிய ஊர் அல்ல. அதற்கென்று ஒரு நகராட்சி இருந்தது, மேயர் இருந்தார், கம்பெனியிடம் சம்பளம் வாங்காத ஒரு போலீஸ் தலைவர் இருந்தார். துப்பறியும் ஆட்களை மறித்துக் கேள்வி கேட்க அங்கே ஆள் இருந்ததற்கு அதுவே காரணம். சுற்றியிருந்த பெரும்பாலான சுரங்க ஊர்களில் அப்படிக் கேட்க நாதியில்லை.

நிலக்கரிக்காக மலைக்குள் ரயில் பாதை நுழைந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். குறுகிய பள்ளத்தாக்குகளில் கடை கிடையாது, வாடகைக்கு வீடு கிடையாது. ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்ற வேண்டுமென்றால் கம்பெனியே வீடு கட்டியாக வேண்டும். இப்படித் தேவையில் பிறந்த ஏற்பாடு விரைவிலேயே அதிகாரத்தின் ஏற்பாடாக மாறியது. 1920களில் மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கத் தொழிலாளரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் கம்பெனி வீடுகளில் வாழ்ந்தார்கள். இல்லினாய், இண்டியானா மாநிலங்களில் அப்படி வாழ்ந்தவர்கள் சிறுபான்மையினரே.

வீடு மட்டுமல்ல. மருத்துவரைக் கம்பெனி அமர்த்தியது, அவருக்கான தொகையைக் கூலியில் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் கட்டடம் கொடுத்தது. சம்பள நாளுக்கு முன்பே கைச்செலவுக்குப் பணம் வேண்டும் என்றால் 'ஸ்கிரிப்' என்னும் உலோக வில்லைகளைக் கொடுத்தது. முழு மதிப்புக்கு அவை செல்லுபடியானது கம்பெனிக் கடையில்தான். வீட்டு வாடகை, கடைப் பற்று, மருத்துவர் கட்டணம், வெடிமருந்தின் விலை, கருவிகளைத் தீட்டிய கூலி என எல்லாம் கழிந்த பிறகு பல குடும்பங்களுக்குச் சம்பள நாளில் ரொக்கமாகக் கைக்கு வந்தது சொற்பம்.

கூலி, வெட்டிய கரியின் எடைக்கு. அந்த எடையைப் போடுபவரும் கம்பெனியின் ஆள். வண்டியில் கல்லும் கசடும் கலந்திருப்பதாகச் சொல்லி எடையைக் குறைப்பது அன்றாடச் சண்டை. அதனால்தான் தொழிலாளர் தங்கள் சார்பில் ஓர் எடை சரிபார்ப்பவரை நிறுத்தும் உரிமையைப் பல காலம் கேட்டுப் போராடினார்கள். சுரங்கத்துக்குள் உயிருக்கும் உத்தரவாதமில்லை. 1907 டிசம்பர் 6இல் மேற்கு வர்ஜீனியாவின் மோனோங்கா சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் அதிகாரப்பூர்வக் கணக்குப்படியே 362 பேர் மாண்டார்கள்.

சட்டமும் கம்பெனியின் பக்கம் சாய்ந்திருந்தது. கம்பெனி வீட்டில் இருப்பவரை வாடகைக் குடித்தனக்காரராக மேற்கு வர்ஜீனிய நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. வேலை இருக்கும்வரைதான் வீடு என்றன. ஆகவே வேலை போன அன்றே வீடும் போகலாம். சங்கத்தில் சேரமாட்டேன் என்று எழுதி வாங்கும் ஒப்பந்தங்களை 1917இல் ஹிட்ச்மன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே காப்பாற்றிக் கொடுத்தது. தெருவும் கம்பெனியின் சொத்து என்பதால், சங்க அமைப்பாளர் ஊருக்குள் கால் வைத்தாலே அத்துமீறல்.

இந்தப் பின்னணியில் பார்த்தால் சுரங்கப் போர்களின் வரைபடத்தில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஒவ்வொரு போராட்டமும் கம்பெனிக்குச் சொந்தமில்லாத ஏதோ ஒரு துண்டு நிலத்தைத் தேடிப் போய் அங்கே வேர் பிடித்தது. 1912இல் பெயின்ட் கிரீக், கேபின் கிரீக் பள்ளத்தாக்குகளில் வேலைநிறுத்தம் தொடங்கியதும் வீடுகளிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் ஹாலி குரோவ் போன்ற இடங்களில் கூடாரம் அடித்தன. அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. ஆயுதக் காவலர்களை அகற்று, எடையைச் சரிபார்க்க விடு, கம்பெனிக் கடையில்தான் வாங்க வேண்டும் என்னும் கட்டாயத்தை நீக்கு, பேசவும் கூடவும் விடு என்றார்கள். 1913 பிப்ரவரி 7 இரவு இயந்திரத் துப்பாக்கி பொருத்திய கவச ரயில் ஒன்று ஹாலி குரோவ் கூடாரங்களைச் சுட்டுக்கொண்டே கடந்து போனது. செஸ்கோ எஸ்டெப் என்ற தொழிலாளி இறந்தார். எழுபதைக் கடந்திருந்த போராளி மதர் ஜோன்ஸை, சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருந்த காலத்திலேயே, இராணுவ நீதிமன்றம் விசாரித்துக் காவலில் வைத்தது.

மேட்வானுக்குப் பிறகு மிங்கோ மாவட்டத்தில் கூடாரங்கள் பெருகின. 1921 ஆகஸ்ட் 1 அன்று வெல்ச் நகர நீதிமன்றப் படிகளில், கையில் ஆயுதமின்றி மனைவியரோடு ஏறிக்கொண்டிருந்த சிட் ஹாட்ஃபீல்டையும் அவருடைய நண்பர் எட் சேம்பர்ஸையும் பால்டுவின்-ஃபெல்ட்ஸ் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். மலை கொதித்தது. அந்த மாத இறுதியில் ஏறத்தாழ 10,000 தொழிலாளர், கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டு, லோகன் மாவட்டத்தைக் கடந்து மிங்கோவுக்குப் போகப் புறப்பட்டார்கள். முதல் உலகப் போரிலிருந்து திரும்பியவர்கள் அவர்களில் நிறையப் பேர். ப்ளேர் மலை முகட்டில் ஷெரிஃப் டான் சாஃபின் தன் படையோடு காத்திருந்தார். அவருடைய உதவியாளர்களுக்கான செலவை நிலக்கரி முதலாளிகள் ஏற்றிருந்தார்கள். நாள் கணக்கில் சண்டை நடந்தது. தனியார் விமானங்களிலிருந்து வெடிகுண்டுகள் போடப்பட்டன. மத்திய அரசின் படை வந்ததும் தொழிலாளர் ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள்.

தலைவர்கள் மீது மாநிலத்துக்கு எதிரான துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. விசாரணை நடந்தது சார்ல்ஸ் டவுன் நீதிமன்றத்தில். அடிமைமுறைக்கு எதிராகக் கலகம் செய்த ஜான் பிரவுனுக்கு 1859இல் தண்டனை விதித்த அதே மன்றம். அந்தத் தலைவர்களில் ஒருவரான பில் பிளிஸர்ட் விடுதலையானார். ஆனாலும் சங்கம் நொறுங்கிப் போனது.

கென்டக்கியின் ஹார்லன் மாவட்டத்திலும் இதே ஒழுங்குதான். 1931இல் கூலி வெட்டப்பட்டது. சங்கத்துக்குப் போனவர்கள் வீடிழந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த எவார்ட்ஸ், கம்பெனிக்குச் சொந்தமில்லாத சிற்றூர். அந்த ஊரருகே மே 5 அன்று நடந்த மோதலில் நான்கு பேர் செத்தார்கள். 1933இல் ரூஸ்வெல்ட் ஆட்சியின் தொழில் மீட்புச் சட்டம் சங்கம் சேரும் உரிமையை ஏற்றது. அதன்கீழ் வந்த நிலக்கரித் தொழில் விதிமுறை, கம்பெனி வீட்டில் குடியிருக்கவோ கம்பெனிக் கடையில் வாங்கவோ வேலையாளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. மேற்கு வர்ஜீனியாவில் சில வாரங்களிலேயே தொழிலாளர் கூட்டம் கூட்டமாகச் சங்கத்தில் சேர்ந்தார்கள். ஹார்லன் மேலும் பல ஆண்டுகள் முரண்டு பிடித்தது.

இந்த வரலாற்றை எழுதியவர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஹாரி காடில் 1963இல் வெளியிட்ட 'நைட் கம்ஸ் டு த கம்பர்லேண்ட்ஸ்' மலையின் வறுமையை நாடு முழுக்கப் பேசவைத்தது. ஆனால் மலைமக்களைச் சீரழிந்த கூட்டமாகக் காட்டிய அதன் பார்வை பின்னால் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. ரொனால்டு எல்லர் 1982இல் வாதத்தைத் திருப்பிப் போட்டார்: நவீனம் எட்டாததால் மலை ஏழையாகவில்லை, நவீனத் தொழில் வந்த விதத்தால்தான் ஏழையானது என்றார். டேவிட் கார்பின் 1981இல் எழுதிய நூலில் மேற்கு வர்ஜீனியத் தொழிலாளரைக் கொந்தளிப்பில் எழுந்த கும்பலாகப் பார்க்கவில்லை. ஒரே வகை வீடு, ஒரே கடை, ஒரே ஆபத்து என்று வாழ்ந்ததால் அவர்களிடையே ஒன்றுபட்ட உணர்வு வளர்ந்தது என்றார். ஜோ வில்லியம் டிராட்டர் 1990இல் கறுப்பினத் தொழிலாளரின் கதையை மையத்துக்குக் கொண்டுவந்தார். தெற்கிலிருந்து வந்த அவர்களுக்கு மேற்கு வர்ஜீனியாவில் வாக்குரிமை இருந்தது. ஆனால் பள்ளிகள் இன அடிப்படையில் தனித்தனியாகவே இருந்தன, நல்ல வேலைகள் எட்டாமலே இருந்தன.

பொருளாதார வரலாற்றாசிரியர் பிரைஸ் ஃபிஷ்பேக் 1992இல் எழுப்பிய மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. கம்பெனிக் கடை விலைகள் அக்கம்பக்கத்துக் கடைகளோடு பெரிதும் வேறுபடவில்லை என்றும், கடனில் கட்டுண்டு கிடந்தவர்கள் என்ற சித்திரம் மிகையானது என்றும் அவர் கணக்குக் காட்டினார். தொழிலாளர் பிடிக்காவிட்டால் அடுத்த சுரங்கத்துக்குப் போனார்கள். ஆள் பிடிக்கக் கம்பெனிகள் போட்டியிட்டன. கிரேண்டல் ஷிஃப்லெட்டும், காய்ந்த மலைப் பண்ணைகளிலிருந்து வந்த பல குடும்பங்களுக்குக் கம்பெனி ஊர் ஒரு மேம்பாடாகவே தெரிந்தது என்று எழுதினார். யு.எஸ். ஸ்டீல் 1917இல் ஹார்லனில் கட்டத் தொடங்கிய லிஞ்ச் ஊரின் மருத்துவமனையும் பெரிய கடையும் திரையரங்கும் அவர் பக்கம் சாட்சி சொல்லும்.

இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஊரை விட்டுப் போகும் சுதந்திரம் தொழிலாளிக்கு இருந்தது உண்மை. ஊரிலேயே இருந்துகொண்டு எதிர்த்துப் பேசும் சுதந்திரம் இருந்ததா? ஹாலி குரோவும் மேட்வானும் எவார்ட்ஸும் இல்லை என்றே சொல்கின்றன. வாயைத் திறந்தவருடைய வீடு பறிபோனது. கடை விலைப் பட்டியலில் இந்த அடக்குமுறை பதிவாகாது. ஜான் கவென்டா டென்னசி-கென்டக்கி எல்லையில் இருக்கும் கிளியர் ஃபோர்க் பள்ளத்தாக்கை ஆராய்ந்து 1980இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்கொண்டதும் இதற்கு நெருங்கிய கேள்விதான். லண்டனிலிருந்து நிர்வகிக்கப்பட்ட ஒரு கம்பெனியின் நிலத்தில் வாழ்ந்தவர்கள் ஏன் எதிர்க்கவில்லை என்று கேட்டார். மௌனம் சம்மதம் அல்ல, நீண்ட காலத் தோல்விகள் மனதில் விட்டுச்சென்ற படிவு என்பது அவருடைய விடை. இந்தத் துறையின் மிகக் கூர்மையான நூல் இதுவே.

பேச முடியாமற்போனவர்களின் குரலைப் பிடிக்க எழுத்தாவணங்கள் போதவில்லை. இத்தாலிய ஆய்வாளர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்டெல்லி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஹார்லனுக்குப் போய் வந்து, மக்கள் வாய்மொழியிலேயே அம்மாவட்டத்தின் வரலாற்றை 2010இல் நூலாக்கினார். அவருக்கு முன்பே பார்பரா காப்பிள் அங்கே கேமராவோடு போயிருந்தார். ப்ரூக்சைட் சுரங்கத்தின் 1973-74 வேலைநிறுத்தத்தில், மறியலுக்கு நிற்கும் ஆட்களின் எண்ணிக்கையை நீதிமன்றம் வெட்டியதும் அந்த இடத்தில் பெண்கள் வந்து நின்றார்கள். வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் இல்லாத கம்பெனி வீடுகள் அப்போதும் இருந்தன. லாரன்ஸ் ஜோன்ஸ் என்ற இளம் தொழிலாளி சுடப்பட்டு இறந்த பிறகே ஒப்பந்தம் கையெழுத்தானது. இதைக் காப்பிள் படமாக்கி 1976இல் வெளியிட்ட 'ஹார்லன் கவுண்டி யு.எஸ்.ஏ.' என்னும் ஆவணப்படம் ஆஸ்கர் பரிசு பெற்றது. ஆய்வு நூல்கள் பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தைவிட இந்தப் படம் ஒதுக்கிய இடம் பெரிது. ஜான் சேல்ஸின் 'மேட்வான்' படமும் டெனிஸ் ஜியார்டினாவின் 'ஸ்டார்மிங் ஹெவன்' நாவலும் 1987இல் வந்தன.

நினைவைக் காப்பதும் நிலத்தைப் பற்றிய சண்டையாகவே தொடர்ந்தது. ப்ளேர் மலை 2009இல் தேசிய வரலாற்றுத் தலங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டு, சில மாதங்களிலேயே நீக்கப்பட்டது. நீதிமன்றப் போராட்டத்துக்குப் பிறகு 2018இல் மீண்டும் சேர்ந்தது. மேட்வானில் 2015இல் சுரங்கப் போர்களுக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

2019 ஜூலையில் பிளாக்ஜுவல் கம்பெனி திவாலாகி, ஹார்லன் தொழிலாளரின் சம்பளக் காசோலைகள் பணமின்றித் திரும்பின. அந்தச் சுரங்கங்களில் சங்கம் இல்லை. தொழிலாளர் குடும்பத்தோடு கம்பர்லேண்ட் ஊரருகே தண்டவாளத்தில் உட்கார்ந்து, தாங்கள் வெட்டிய கரி ஏற்றிய ரயிலை மறித்தார்கள். கூலி கொடுக்காமல் எடுத்த சரக்கை வெளியே அனுப்பக் கூடாது என்னும் சட்டப்பிரிவைக் காட்டி மத்தியத் தொழிலாளர் துறையும் நீதிமன்றத்துக்குப் போனது. மறியல் வாரக்கணக்கில் நீண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் நிலுவைக் கூலிக்கு உடன்பாடு வந்தது. 1931இல் அவர்களுடைய மாவட்டத்தில் போராடியவர்கள் வீட்டைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. 2019இல் அவர்களுடைய கூரையின் மீது கம்பெனிக்கு எந்தப் பிடியும் இருக்கவில்லை.