மன்னார் நாடகங்களின் மாறும் ஓசை

நாட்டார் நாடகங்களை ஆராய்வோர் கதை, பாத்திரம், யாப்பு ஆகியவற்றை விரிவாக நோக்குவர். ஓசையை நோக்குவோர் மிகச் சிலரே. மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த மாதோட்டப் பகுதியிலும் வளர்ந்த கத்தோலிக்க நாடகங்களைப் பொறுத்தவரை இது பெருங்குறையாகும். அவை ஆட்டத்தினும் பாட்டையே உயிராகக் கொண்டவை. பாட்டின் ஓசையை விடுத்து அவற்றை மதிப்பிடுதல் பண்ணை விடுத்துத் தேவாரத்தை மதிப்பிடுதல் போன்றதே.

இவ்வோசை என்றும் ஒருதன்மைத்தாய் இருந்ததில்லை. போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றினர். 1658இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. ஆட்சி மாறியபின்னும் போர்த்துக்கேயச் சொற்கள் நாடகத் தமிழில் நிலைத்தன. 'என்றிக்கு எம்பரதோர்' என்னும் நாடகப் பெயரில் வரும் 'எம்பரதோர்' பேரரசன் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் வடிவமே. அயற்கதையும் அயற்சொல்லும் தமிழ் விருத்தத்துள் அடங்கிப் புதியதோர் ஓசையைத் தந்தன.

மன்னாரில் தென்பாங்கு, வடபாங்கு என இருவகை மரபுகள் உள. முன்னதை மாதோட்டப் பாங்கு என்றும் பின்னதை யாழ்ப்பாணப் பாங்கு என்றும் வழங்குவர். ஆகவே, அயலூர் மெட்டை ஏற்பது இம்மரபுக்குப் புதிதன்று. பல இரவுகள் நிகழ்ந்த நாடகம் ஓரிரவில் முடியும் வாசாப்பாகச் சுருங்கியதும் ஓசை மாற்றமேயாம். காலம் சுருங்கியபோது நீண்டு ஒலித்த இசைக்கும் இடம் சுருங்கியிருத்தல் வேண்டும்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் என்றிக்கு எம்பரதோர் நாடகத்தை 1964இலும், மூவிராசாக்கள் நாடகத்தை 1966இலும், ஞானசவுந்தரி நாடகத்தை 1967இலும் பதிப்பித்தார். ஏட்டளவில் நின்ற நூல்கள் இதனாற் பிழைத்தன. அதே காலப்பகுதியிற் பேராதனையில் அவர் உருவாக்கிய கர்ணன் போர், இராவணேசன் முதலியன மட்டக்களப்புக் கூத்து மரபைப் புதிய அரங்கிற்குக் கொணர்ந்தன. சுருங்கக் கூறின், மட்டக்களப்பு மரபு மேடை பெற்றது. மன்னார் மரபு அச்சுப் பெற்றது. இவ்வேறுபாடு திறனாய்விற்கு முக்கியமானது. மேடை ஓசையைக் காக்கும்; அச்சு சொல்லை மட்டுமே காக்கும்.

அச்சில் மட்டும் இந்நாடகங்களைப் படிப்போர், கூறியது கூறலும் வெற்று அடைகளும் மலிந்தவை என இவற்றைக் குறைகூறல் எளிது. ஆயின், பாடுவோன் ஓரடியை முடிக்கப் பிற்பாட்டுக்காரர் அதனை ஏற்று மீளப் பாடும்போது, கூறியது கூறல் குற்றமாகாது. தனியொருவன் துயரம் ஊரார் துயரமாகும் இடம் அதுவே. தாளக்கட்டின்றி நீளும் விருத்தத்தின்பின் மத்தளம் ஒலிக்கத் தரு தொடங்கும்போது அவையிற் பிறக்கும் எழுச்சியை அச்சிட்ட பக்கம் காட்டாது. 'விருத்தம்', 'தரு' என்னும் தலைப்புகளே அங்கு எஞ்சுகின்றன.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், மக்களின் சொந்த இசைமரபுகளுக்கு உரிய மதிப்பளிக்குமாறு பணித்தது. ஆயினும் ஆலயங்களிற் பெருகியது கிற்றாரும் மின்னிசைப் பலகையும் சார்ந்த மெல்லிசையே. சில ஆண்டுகள் பாடிக் கலையும் இளைஞர் குழுக்களைச் சிலர் மரபின் பகைவராகக் கருதுவர். இது பொருந்தாது. யாழ்ப்பாண மெட்டை ஏற்ற மண் கிற்றாரை ஏற்பதில் வியப்பில்லை. ஓசை மாறுவது கேடன்று. மாறுமுன் இருந்தது யாதென அறியாதிருத்தலே கேடு. ஊரவர் கூடி நெடுங்காலம் பழகவேண்டிய இக்கலைக்கு, 1990இன் பின் நேர்ந்த இடப்பெயர்வுகள் பேரிடராயின.

பதிப்பாசிரியர் தம் கடமையைச் செய்தனர். எஞ்சியது பல்கலைக்கழகத்தாரின் கடமை. அண்ணாவிமார் பாடக் கேட்டு ஒலிப்பதிவு செய்து, ஒவ்வொரு மெட்டையும் அச்சிட்ட பாடலோடு பொருத்திக் காட்டுதல் வேண்டும். அதன்பின்னரே இந்நாடகங்கள் கவிதையால் உயர்ந்தனவா தாழ்ந்தனவா எனத் தீர்ப்புக் கூறும் உரிமை நமக்கு உண்டாகும். அதுவரை நாம் கூறுவன நூலைப் பற்றியனவேயன்றி நாடகத்தைப் பற்றியன ஆகா.