மௌலவிகளின் சுழற்சி

துருக்கியின் கொன்யா நகரில் 1273-ஆம் ஆண்டு மறைந்த ஜலாலுத்தீன் ரூமியின் வழிவந்த மௌலவி சூஃபிகள், நாணற்குழல் இசைக்க இடக்காலை ஊன்றிச் சுழலும் ‘சமா’ என்னும் அனுஷ்டானத்தை வெறும் கூத்தென்று தள்ளுவோரும், மனக்கவலைக்குக் கைகண்ட ஔஷதமென்று கொள்வோரும் அதன் ஒரு பாதியையே கண்டவர்கள் என்பது என் துணிபு.

கல்லறைக் கல்லைக் குறிக்கும் நெடிய கம்பளித் தொப்பியும், பிரேதத்தைப் போர்த்தும் துணியைக் குறிக்கும் வெண்ணிற அங்கியும் தரித்த சாதகன், மேலே கிடந்த கறுப்புப் போர்வையைக் களைந்தபின், வலது உள்ளங்கையை வானுக்கு ஏந்தியும் இடது உள்ளங்கையைத் தரைக்குக் கவிழ்த்தும் சுழல்கிறான். மேலிருந்து பெற்றதைத் தனக்கென்று முடிந்துகொள்ளாமல் உலகுக்கு விட்டுவிடுவதே அதன் தாத்பரியம். அதற்கு அவனைப் பக்குவப்படுத்தியது மடத்தின் சமையலறை. அங்கே தலைமைச் சமையற்காரரின் கண்காணிப்பில் 1001 நாள் ஏவலுக்கு நின்றான். உப்புத் தூவிய பலகையில் அடித்திருக்கும் ஆணியைக் கால்விரல் இடுக்கில் பற்றியபடி, நின்ற இடம் நகராமல் திரும்பப் பழகிய பிறகே அவன் சபையில் சுழன்றான். அகங்காரம் தேயுமுன் ஆனந்தத்தைக் கையில் கொடுக்க மறுத்த அந்த நிதானம் போற்றத்தக்கது.

ரூமி பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, இமாம் கஸ்ஸாலி தம் ‘இஹ்யா’ என்னும் நூலில் இத்தகைய இசைவழிப் பரவசத்தின் ஆதாரப் பிரச்சினையைத் தொட்டிருக்கிறார். இசை உள்ளத்தில் இல்லாததை அங்கே கொண்டுவந்து வைப்பதில்லை, உள்ளே கிடப்பதையே கிளறிவிடுகிறது என்பது அவர் கொள்கை. அங்ஙனமாயின், இறைக்காதல் உள்ளவனுக்கு அது பெருகும். இச்சை உள்ளவனுக்கு இச்சையே பெருகும். மயங்கிய உடலும் விழித்த ஆன்மாவும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றுவதோடு, சுழல்பவனுக்கே பலவேளை பேதம் தெரிவதில்லை. பரவசத்தைப் பரீட்சிக்கும் கருவி பரவசத்துக்குள்ளே இல்லை என்பதே, என் மதிப்பில், இவ்வனுஷ்டானத்தின் மெய்யான குறை. குருவையே முற்றும் நம்பியிருக்க வேண்டிய நிர்ப்பந்தமும் அதிலிருந்தே பிறக்கிறது. அக்குரு தவறினால் சீடனுக்குப் புகலில்லை.

1925-ல் துருக்கிக் குடியரசு மடங்களை மூடிற்று. பின்னர் 1950-களில் ரூமியின் நினைவு விழாவாகக் கொன்யாவில் சமா மீண்டபோது, அரங்கும் பார்வையாளரும் வந்தார்களேயன்றி, 1001 நாள் ஊழியம் பழைய வடிவில் திரும்பவில்லை. சாந்தி நாடிச் சுழலப் பயில்வோருக்கு இன்று சில மணி நேரத்தில் உவகை கிட்டிவிடலாம். மறுநாள் தம் வேலையாளிடமும் வீட்டாரிடமும் அவர்கள் எவ்விதம் நடந்துகொள்கிறார்கள் என்று கவனிக்கத்தான் ஆளில்லை.