நிகழ்த்துதலும் ஒலிப்பதிவும்: கிரேட்ஃபுல் டெட் இரசிகர்களின் தரமதிப்பீடு

1965 முதல் 1995 வரை இயங்கிய அமெரிக்க ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட், 2,300க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை வழங்கியது. ஒரே பாடலை ஒவ்வொரு மேடையிலும் வெவ்வேறாக விரித்து இசைப்பது அதன் இயல்பு. 1968இல் மூன்று நிமிடத்திற்கும் குறைவான இசைத்தட்டாக வந்த ‘டார்க் ஸ்டார்’, 1969இல் வெளியான ‘லைவ்/டெட்’ தொகுப்பில் 23 நிமிடங்களாக விரிந்தது. எனவே இங்கு மூலபாடம் என ஒன்றில்லை, பாடவேறுபாடுகளே உள்ளன. அவற்றை ஒப்பிட்டுத் தரவரிசைப்படுத்தும் இரசிகரின் பணி பதிப்பாசிரியரின் பணியை ஒத்தது.

ஆயினும் இம்மதிப்பீட்டில் ஓர் இடர்ப்பாடு உண்டு. 08.05.1977 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் அரங்கில் நடைபெற்ற நிகழ்ச்சி, இக்குழுவின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டிலும் அது இடம்பெற்றுள்ளது. இப்புகழுக்கு இசைப்பின் நேர்த்தியோடு, பெட்டி கேன்டர்-ஜாக்சன் செய்த ஒலிப்பதிவின் தெளிவும் காரணமாகும். பார்வையாளர் பகுதியிலிருந்து மங்கலாகப் பதிவான நிகழ்ச்சிகளுக்கு இவ்வாய்ப்பு இல்லை. ஒலிநாடா எவ்வழிப் பதிவானது எனக் குறித்துவைக்கும் வழக்கம், இவ்வேறுபாட்டை இரசிகர்கள் உணர்ந்திருந்தமையைக் காட்டுகிறது. ஆனால் தரவரிசை எண்ணில் அக்குறிப்பு மறைந்துவிடுகிறது. ஏடு சிதைந்தமையால் பாடல் தாழ்ந்ததாகாது. நிகழ்த்துதலின் தரத்தையும் பதிவின் தரத்தையும் பிரித்தறியும்போதே இத்தரமதிப்பீடு திறனாய்வாகும்.