பீர் ரசனையும் பெண் நாக்கும்

கடலூர் சாலையில் கன்னியக்கோவிலைத் தாண்டி முள்ளோடை எல்லை வரைக்கும் மதுக்கடைகள். விழுப்புரம் சாலையில் வில்லியனூரிலிருந்து மதகடிப்பட்டு வரைக்கும் அப்படித்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. அங்கே 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. இந்தப் பக்கம் தனியார் உரிமக் கடைகள். விலை குறைவு, வகை அதிகம். சனிக்கிழமை மாலையில் இந்தக் கடைகளுக்கு வருகிறவர்களில் ஒரு சாரார் போதைக்காக மட்டும் வருவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வருகிறார்கள். பெல்ஜியத்துக் கோதுமை பீர், ஜெர்மன் லாகர், பெங்களூரிலிருந்து வரும் கிராஃப்ட் பீர் என்று நாலைந்து வகையை வாங்கி, பாகூர் ஏரிக்கரைப் பக்கம் யாராவது ஒருவருடைய மோட்டார் கொட்டகையிலோ மாடியிலோ உட்கார்ந்து, எதில் ஹாப்ஸ் கசப்பு தூக்கல், எதில் மால்ட் இனிப்பு மிச்சம் நிற்கிறது, எதன் நுரை உடனே அடங்கிவிடுகிறது என்று மணிக்கணக்காகப் பேசுகிறார்கள்.

என் பெரியப்பா மகனும் அவருடைய கூட்டாளிகளும் இப்படிப் பேசுவதைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். இந்தப் பேச்சை நான் இகழவில்லை. சினிமாவுக்கும் கவிதைக்கும் இருப்பதுபோல இதுவும் ஒரு விமர்சனத் துறை. அமெரிக்காவில் 1985இல் தொடங்கப்பட்ட பீர் நடுவர் சான்றிதழ்த் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பீருக்கு 50 மதிப்பெண்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த மதிப்பீட்டுக்கு 10. மோர்டன் மெய்ல்கார்ட் 1970களில் உருவாக்கிய சுவைச் சக்கரம், பீரில் வரக்கூடிய மணங்களையும் குறைகளையும் வகைப்படுத்திப் பெயர் கொடுத்தது. நாக்கில் பட்டதைச் சொல்லாக்கும் முயற்சி எதுவானாலும் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் எல்லா விமர்சனத் துறையிடமும் பெண்கள் கேட்கும் கேள்வியை இதனிடமும் கேட்க வேண்டும். இங்கே யாருடைய நாக்கு செல்லுபடியாகிறது?

ஒரு முறை அவர்கள் ஹூகார்டன் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் வரும் மணம் எலுமிச்சையா, கிராம்பா, வாழைப்பழமா என்று வாதம் நடந்துகொண்டிருந்தது. கழுவப் போட்ட கிளாஸை எடுத்த அண்ணி மூக்கருகே கொண்டுபோய்விட்டு, "என்னாங்க, இதுல மல்லி வாசன வருது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "ஒனக்கு எல்லாம் கொழம்பு வாசனதான்" என்றார் ஒருவர். ஹூகார்டனில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்க்கிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. தினம் மல்லி வறுத்து அரைக்கிற ஒருத்தி அதைக் கண்டுபிடிப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்த மூக்கைப் பயிற்சி பெற்ற மூக்காக அந்த இடம் ஏற்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. சமையலில் வந்த பயிற்சி அறிவாகாமல் பழக்கமாக நின்றுவிடுகிறது. யூடியூப் பார்த்து வந்த பயிற்சி ரசனையாகிவிடுகிறது.

இத்தனைக்கும் இந்த அறிவின் மூலத்தில் பெண்கள் இருக்கிறார்கள். சுமேரியாவில் பீருக்குத் தெய்வம் நின்காசி, ஒரு பெண். கி.மு. 1800 வாக்கில் எழுதப்பட்ட அவளுடைய துதிப்பாடல் பீர் செய்யும் முறையையும் சேர்த்தே சொல்கிறது. நம் பக்கத்திலும் தேடினால் கிடைக்கும். பெரும்பாணாற்றுப்படை வலைஞர் குடியிருப்பைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஒரு முழுச் செய்முறை வருகிறது: தீட்டாத அரிசியைக் களியாகக் கிண்டி, அகலத் தட்டில் ஆறவிட்டு, நெல்முளையை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு நாள் ஊறவிட்டு, கையால் அலைத்து வடிப்பது. முளைகட்டிய தானியத்தைக் கொண்டு மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி நொதிக்கவிடுவதுதான் பீரின் அடிப்படை. அப்படிப் பார்த்தால் இது அரிசி பீர். அந்த இடத்தில் செய்பவர் ஆணா பெண்ணா என்று சொல்லப்படவில்லை. சிறுபாணாற்றுப்படையோ எயிற்பட்டினத்துத் தேறலை வடித்தவள் நுளையர் பெண் என்று தெளிவாகவே சொல்கிறது. எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். புதுச்சேரியிலிருந்து கடலோரமாக வடக்கே போனால் கொஞ்ச தூரம்தான்.

வடித்தவள் மட்டுமில்லை, குடித்தவளும் இருக்கிறாள். புறநானூறு 235இல் அதியமானை இழந்த ஔவை முதலில் நினைத்துக்கொள்வது அவனோடு கள்ளைப் பகிர்ந்துகொண்டதைத்தான். பள்ளிக்கூடத்தில் நமக்கு ஊட்டப்பட்ட தடியூன்றிய கிழவியின் படத்துக்குள் இந்த ஔவை அடங்கமாட்டாள்.

பெண்கள் கையிலிருந்து இது எப்படிப் போனது? இங்கிலாந்து நிலவரத்தை ஜூடித் பென்னட் என்ற வரலாற்றாசிரியர் 1996இல் வெளியான தன் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 1300களின் தொடக்கத்தில் அங்கே ஏல் காய்ச்சி விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டு அடுப்பில், வீட்டுப் பாத்திரத்தில், குடும்பத்துக்குப் போக மிஞ்சியதை விற்றார்கள். ஏல் சில நாளில் கெட்டுவிடும். அதனால் வியாபாரம் சின்னதாகவே இருந்தது. ஹாப்ஸ் சேர்த்த பீர் வந்ததும் நிலைமை மாறியது. அது அதிக நாள் தாங்கும், தூரத்துக்கு அனுப்பலாம், மொத்தமாகக் காய்ச்சினால் லாபம். அதற்குப் பெரிய கொப்பரை வேண்டும், கடன் வேண்டும், ஆள் வேண்டும், தொழிற்சங்கத்தில் இடம் வேண்டும். இவை எதுவும் பெண்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. 1600 வாக்கில் தொழில் ஆண்களுடையதாகிவிட்டது. யாரும் ஒரே நாளில் துரத்தவில்லை. தொழில் லாபம் தரத் தொடங்கிய வேகத்தில் அவர்கள் விளிம்புக்குப் போனார்கள். நம் ரசிகர்கள் ஹாப்ஸைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வருகிறது.

தொழிலை விட்டு வெளியேறிய பெண் பிறகு விளம்பரத்தில் திரும்பி வந்தாள். கிங்ஃபிஷர் 2003இல் தன் நீச்சலுடைக் காலண்டரைத் தொடங்கியது. மது விளம்பரத்துக்குத் தடையுள்ள நாட்டில் பெண்ணுடல் பீர் பெயரைச் சுமந்து வீட்டுக்குள் வந்தது. கிராஃப்ட் பீர் தன்னை இதற்கு மாற்றாக முன்வைத்தது. சிறு ஆலை, நேர்மை, தரம் என்றது. ஆனால் அமெரிக்காவில் சிறு ஆலைகளைப் பிரதிநிதித்துவப்படுத்தும் சங்கமே 2017இல், பெண்களை இழிவுபடுத்தும் பெயர்களுக்கும் லேபிள்களுக்கும் எதிராக விதியைத் திருத்த வேண்டியிருந்தது. 2021 மே மாதத்தில் பிரையன் ஆலன் என்ற பீர் ஆலைப் பணியாளர், இந்தத் தொழிலில் நீங்கள் சந்தித்த பாலினப் பாகுபாடு என்ன என்று இன்ஸ்டாகிராமில் பெண்களிடம் கேட்டார். பதில்கள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. சில ஆலைகளின் தலைவர்கள் பதவி விலகினார்கள். பானத்தின் தரத்தை வைத்து அதைச் செய்யும் இடத்தின் தரத்தை முடிவு செய்ய முடியாது.

பெல்ஜிய பீர் ஒன்றின் பெயர் டெலிரியம் டிரெமென்ஸ். லேபிளில் இளஞ்சிவப்பு யானை. உலகப் புகழ் பெற்றது. நம் ரசிகர்களின் ஆசைப் பட்டியலிலும் இருக்கிறது. அந்தப் பெயர் ஒரு நோயின் பெயர். நெடுங்காலம் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வரும் நடுக்கம், பிதற்றல், இல்லாததைக் காணுதல். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகலாம். வில்லியனூர், பாகூர்ப் பக்கத்தில் இதன் லத்தீன் பெயர் தெரியாத பெண்களுக்கு அந்த நிலை நன்றாகத் தெரியும். சுவரில் பாம்பு ஊர்கிறது என்று கத்துகிற புருஷனைக் கட்டிலோடு பிடித்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். மறுநாள் அவர்கள் நடவுக்குப் போக வேண்டும். அந்தப் பெயர் ஐரோப்பியக் குடிக்கூடத்தில் நகைச்சுவையாக இருக்கலாம். அதை வாய் நிறையச் சொல்லிச் சிலாகிக்கும் நம்மூர் ரசிகரின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அது நகைச்சுவையாக இல்லை. சொற்களின் மேல் இவ்வளவு அக்கறை காட்டும் ஒரு விமர்சனம் இந்தச் சொல்லை மட்டும் முகராமல் விழுங்கிவிடுகிறது.

இங்கே வர்க்கமும் சாதியும் சேர்கின்றன. புதுச்சேரியில் சாராயம் சட்டப்படி விற்கப்படுகிறது. வில்லியனூரை அடுத்த ஆரியப்பாளையத்தில் அரசு வடிசாலை இருக்கிறது. சாராயக்கடையில் நிற்பவர் குடிகாரர். இறக்குமதி பீரைப் பொருத்தமான கிளாஸில் ஊற்றுபவர் ரசிகர். 2024-25இல் இங்கே நூறு நாள் வேலையின் ஒருநாள் கூலி 319 ரூபாய். அதைத் தாண்டும் விலையில் ஒற்றை பாட்டில்கள் உண்டு. இரண்டு பேரும் வீடு திரும்பியபின் நடப்பதில் எவ்வளவு வித்தியாசம் என்பதை அந்தந்த வீட்டுப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும். அரசும் இதே சல்லடையைத்தான் கையில் வைத்திருக்கிறது. 1992இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் பெண்கள் சாராயத்துக்கு எதிராகக் கிளம்பியபோது, ஆந்திர அரசு 1993 அக்டோபரில் சாராயத்தை மட்டும் தடை செய்தது. முழு மதுவிலக்கு 1995இல் வந்து 1997இல் தளர்ந்தது. கூலி வீடு வந்து சேர வேண்டும் என்று கேட்ட பெண்களுக்கு, எந்தப் பானம் கண்ணியமானது என்ற பதில் கிடைத்தது.

என் ஆயாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நடவும் களையெடுப்பும் அவருடைய வேலை. சேற்றில் நின்ற நாட்களின் சாயங்காலத்தில் ஒரு சொம்பு கள் குடிப்பார். அதை யாரும் சுதந்திரம் என்று சொல்லவில்லை, புரட்சி என்றும் சொல்லவில்லை. அவர் முகர்ந்தே சொல்வார்: இது விடியற்காலையில் இறக்கியது, இது உச்சிவெயில் பட்டது, இதில் நேற்றைய மண்டி கிடக்கிறது, இந்தப் பானையில் சுண்ணாம்பு சரியாகப் போகவில்லை. புளிப்புக்கு மட்டும் அவரிடம் நாலு சொல் இருந்தது.

பிரஸ்ஸல்ஸ் நகரை ஒட்டிய பகுதியில் லாம்பிக் என்றொரு பீர் காய்ச்சுகிறார்கள். அதில் ஈஸ்ட்டைத் தனியாகச் சேர்ப்பதில்லை; காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருக்கும் நுண்ணுயிர்களே நொதிக்க வைக்கின்றன. கள்ளும் அப்படித்தான், பானையிலும் காற்றிலும் இருப்பதே அதைப் புளிக்க வைக்கிறது. லாம்பிக்கின் புளிப்பை, அதில் வரும் குதிரைக் கொட்டில் வாடையைக்கூட, ரசிகர்கள் போற்றுகிறார்கள். அதே ஆட்கள் கள்ளுக்கடையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்துகிறார்கள். நாக்கு ஒன்றுதான். பாட்டிலில் இருக்கும் ஊர்ப்பெயர்தான் வேறு. ஆயாவின் நாலு சொல்லும் எந்தச் சுவைச் சக்கரத்திலும் ஏறாமல் அவரோடு போய்விட்டன.

பெண்ணியம் பேசுகிறவர்களிடையே மதுவைப் பற்றி இரண்டு பாட்டைகள் பழகிப்போயிருக்கின்றன. ஒன்று, கடையை மூடு. இன்னொன்று, பெண்ணும் குடிக்கலாம், அது அவளுடைய உரிமை. முதலாவதற்குப் பின்னால் அடிவாங்கிய உடல்கள் இருக்கின்றன. அதை லேசாகப் பேச எனக்கு மனம் வராது. ரெஸ்டோ பார்களுக்கு எதிராகப் புதுச்சேரியில் எழுந்த குரல்களில் அந்த வலி இருந்தது. இரண்டாவதும் நியாயம்தான். ஆனால் அது கடற்கரையோரத்து பாரில் உட்காரும் பெண்ணை மட்டும் நினைத்துக்கொண்டு, சேற்றிலிருந்து கரையேறி சொம்பு ஏந்திய பெண்ணை மறந்துவிடுகிறது. இரண்டுமே பெண்ணைக் குடியால் பாதிக்கப்பட்டவளாகவோ குடியை நுகர்பவளாகவோ பார்க்கின்றன. செய்யத் தெரிந்தவளாக, தரம் சொல்லத் தெரிந்தவளாகப் பார்ப்பதில்லை.

பீர் ரசிகர்களிடம் நான் கேட்பது அவர்கள் துறைக்குள்ளேயே கேட்கக்கூடியதுதான். மால்ட் எந்த ஊர், ஹாப்ஸ் எந்த ரகம் என்று கேட்கிறீர்கள். பழைய பாட்டில் கிடங்கில் குனிந்து உட்கார்ந்து காலி பாட்டிலை ரகம் பிரிப்பவர்கள் யார், என்ன கூலி என்றும் கேளுங்கள். பிராண்டுக்குப் பிராண்ட் வித்தியாசம் பார்த்து வாதாடுகிறீர்கள். அந்த வாதம் நடந்துகொண்டிருந்த காலத்தில் பெரிய பீர் நிறுவனங்கள் ஒன்றாகப் பேசி விலை வைத்தன என்று இந்தியப் போட்டி ஆணையம் 2021இல் முடிவு செய்து, 873 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதையும் உங்கள் பேச்சில் சேருங்கள். மணத்துக்கு 12 மதிப்பெண் போடும்போது, கிளாஸ் கழுவுகிறவரிடமும் ஒரு வாய் கொடுத்து, வேண்டாம் என்றால் முகரவாவது கொடுத்து, அவர் சொல்லும் சொல்லை எழுதிக்கொள்ளுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது வேறு. பெரும்பாணாற்றுப்படையில் வருவதுபோல் பாகூர் நெல்லை முளைகட்டி ஒரு பெண் இன்று வீட்டுச் சாடியில் ஊறப்போட்டால் அது கலால் குற்றம். அதே அரிசியை ஆலை ஒன்று லாகரில் கலந்தால் உரிமம் உண்டு. எல்லா வீட்டிலும் சாடி வைக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. குடியின் சுமை என்னவென்று தெரிந்த ஊர் இது. ஆனால் மைக்ரோபுருவரிக்கும் ரெஸ்டோ பாருக்கும் கதவு திறக்கிற ஒரு மதுக் கொள்கை, உரிமம் யார் கைக்கு எட்டுகிறது, அதற்கான முதல் யாரிடம் இருக்கிறது என்று பார்க்க மறுத்தால், இங்கிலாந்தில் 1600 வாக்கில் முடிந்த கதையை இங்கே நாம் கிராஃப்ட் என்ற பெயரில் மறுபடியும் வாசிக்கிறோம் என்று பொருள்.