லார்சன் வீட்டுச் சிவப்பு

அறைக்கு நிறம் தேர்ந்தெடுப்பது பற்றி எழுதுகிறவர்கள் சுவீடனைத் தொட்டால் சீக்கிரமே கார்ல் லார்சன் வந்துவிடுவார். வருஷம் முழுக்க அறை கதகதப்பா இருக்கணுமா, லார்சன் வீட்டைப் பாருங்க என்று ஒரு வரி இருக்கும். கூடவே சிவப்பும் பச்சையுமான அவர் வீட்டுச் சாப்பாட்டறைப் படம் ஒன்று. கீழே செங்கல், கடுகு, பாசிப்பச்சை என்று வரிசையாக நாலைந்து கட்டங்கள். நானும் அந்த மாதிரி ஒரு வரியை நம்பிச் சுவருக்குச் சிவப்பு அடித்தவன்தான். அதனால் இந்தக் குறிப்பில் கொஞ்சம் வயித்தெரிச்சலும் கலந்திருக்கும், பொறுத்துக்கங்க.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிடறேன். ஒரு ஆய்வு வேலைக்காக இரண்டு வருஷம் உப்சாலாவில் இருந்தேன். உள்வாடகைக்கு எடுத்த அறை. அங்கே வாடகை வீடென்றால் பெரும்பாலும் நாலு சுவரும் வெள்ளைதான், இதுவும் அப்படியே. வடக்குப் பார்த்த ஒற்றைச் சன்னல். நவம்பர் பிறந்ததும் அந்த வெள்ளை மெல்லச் சாம்பலாகிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டேன். "தாராளமா அடிச்சுக்கங்க, ஆனா காலி பண்றப்போ பழையபடி வெள்ளையாக்கிடணும்" என்றார். கடைக்குப் போய் அடர்ந்த செங்கல் சிவப்பு வாங்கி வந்து, கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் இரண்டு கோட் அடித்தேன். மறுநாள் காலை பத்து மணிக்குப் பார்த்தபோது பிரமாதமாக இருந்தது. மதியம் மூன்று மணிக்கு அந்தச் சுவர் கருப்பாகிவிட்டது.

கருப்பு என்பது மிகை இல்லை. வெளிச்சம் குறையும்போது நம் கண்ணுக்கு முதலில் செத்துப்போகும் நிறம் சிவப்பு. நீலமும் பச்சையும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். இதை 19ஆம் நூற்றாண்டிலேயே செக் நாட்டு உடலியல் அறிஞர் பூர்க்கின்யே கவனித்துச் சொல்லிவிட்டார், இன்றைக்கும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள். மங்கிய ஒளியில் வேலை செய்யும் கண் செல்களுக்குச் சிவப்பு ஒளி கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. விழுந்த ஒளியில் எவ்வளவை ஒரு நிறம் திருப்பி அனுப்புகிறது என்று பெயின்ட்காரர்கள் 0 முதல் 100 வரை ஒரு எண் கொடுப்பார்கள். நல்ல வெள்ளைக்கு 80க்கு மேல். அடர் சிவப்புக்கு 10ஐ ஒட்டித்தான் வரும். ஏற்கெனவே வெளிச்சத்துக்குப் பஞ்சமான அறையில், இருந்ததையும் விழுங்கும் ஒரு சுவரை நானே காசு கொடுத்து உருவாக்கியிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் லார்சனின் புத்தகத்தை ஒழுங்காகப் பார்க்க உட்கார்ந்தேன். 'எட் ஹெம்', அதாவது 'ஒரு வீடு'. 1899இல் வந்தது, 24 நீர்வண்ணப் படங்கள். ஃபாலுன் நகரத்துக்குப் பக்கத்தில் சுந்த்பூர்ன் கிராமத்தில் இருக்கும் லில்லா ஹுட்னெஸ் என்ற மரவீட்டின் அறைகள்தான் அதில் கதாநாயகர்கள். வீட்டை 1888இல் அவருக்குக் கொடுத்தவர் மாமனார், மனைவி காரினின் அப்பா.

படங்கள் பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1894 கோடை முழுக்க மழை. வெளியே உட்கார்ந்து வரைய முடியாமல் கார்ல் வீட்டுக்குள் புலம்பிக்கொண்டிருக்கிறார். அப்படியென்றால் வீட்டையே வரையேன் என்று காரின் சொல்கிறார். உலகமே கதகதப்பின் இலக்கணமாக எடுத்துக்கொண்ட படவரிசை அப்படித்தான் ஆரம்பித்தது, மழை நாள் பொழுதுபோக்காக.

இதில் கவனிக்க வேண்டியது கோடை என்ற சொல். குடும்பம் அங்கே நிரந்தரமாகக் குடிபோனது 1901இல்தான். புத்தகம் வந்தபோது அது கோடை வீடு. அந்த ஊரில் கோடையின் உச்சத்தில் பகல் ஏறக்குறைய 19 மணி நேரம். டிசம்பரில் 6 மணி நேரம்கூடத் தேறாது. 19 மணி நேர வெளிச்சத்தைக் குடித்த சுவரின் படத்தைப் பார்த்து, நான் 6 மணி நேரச் சுவருக்கு நிறம் வாங்கியிருக்கிறேன். 1909இல் ஜெர்மனியில் வந்து ஏகத்துக்கும் விற்ற பதிப்பின் தலைப்பே 'வெயிலில் ஒரு வீடு'. தலைப்பிலேயே சொல்லிட்டாங்க, நமக்குத்தான் உறைக்கலை.

இன்னொரு விஷயம் இன்னும் அடிப்படையானது. இவை நீர்வண்ணம். காகிதத்தின் மேல் மெல்லிய நிறம், சுற்றிலும் பேனாக்கோடு. ஒளி நிறத்துக்குள் புகுந்து, அடியில் இருக்கும் வெள்ளைக் காகிதத்தில் பட்டுத் திரும்பி, மறுபடி நிறத்தின் வழியாக நம் கண்ணுக்கு வருகிறது. படத்துச் சிவப்பு மினுங்குவது அதனால்தான். சுவரில் அடிக்கும் சிவப்புக்குப் பின்னால் எந்தக் காகிதமும் கிடையாது. கார்ல் நிழல்களையும் கனமாகப் போடமாட்டார், மூலைகூட மிதமான வெளிச்சத்தில் இருக்கும். ஆக, புத்தகத்தில் நாம் பார்ப்பது அந்த அறைகளின் நிறத்தை அல்ல, காகிதத்தின் வெளிச்சத்தை. பெயின்ட் கடை ஷேடு கார்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. வெள்ளை அட்டையில் ஒரு கட்டைவிரல் அகலச் சிவப்பு, அழகாக இல்லாமல் என்ன செய்யும்?

சரி, படங்களில் என்னதான் இருக்கிறது? 'லாத்ஹெர்னெட்' என்று ஒரு படம். சோம்பேறி மூலை என்று சொல்லலாம். ஆளில்லாத ஒரு சோபா, தரையில் தூங்கும் நாய், அவ்வளவுதான். அதைப் பார்த்தாலே நமக்கும் கண்ணைச் சொக்கும். அந்தக் கூடம் வெளிர் நிறம். வெள்ளை அடித்த பழைய பாணி நாற்காலிகள், நீலமும் வெள்ளையுமாய்க் கோடு போட்ட துணி. பெயின்ட்காரர்களின் அகராதிப்படி இவை எல்லாமே குளிர்ந்த நிறங்கள்! ஆனாலும் முழுப் புத்தகத்திலும் கதகதப்பான இடம் எதுவென்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன். சிவப்பும் பச்சையும் பலகை பலகையாக நிறைவது சாப்பாட்டறையில். அங்கே மேசையைச் சுற்றி ஆட்கள் உட்காருவார்கள், விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடுவார்கள். பகலெல்லாம் இருக்கிற இடத்துக்கு ஒன்று, பொழுது சாய்ந்து கூடுகிற இடத்துக்கு வேறொன்று. இந்தப் பாகுபாட்டைத்தான் அந்த நாலைந்து கட்டங்கள் விழுங்கிவிட்டன.

சூடான நிறம், குளிர்ந்த நிறம் என்ற பேச்சுக்கு ஒரு பெரிய புள்ளி கெதே. 1810இல் வந்த தன் நிறக் கோட்பாட்டு நூலில், முழுக்க நீலம் பூசிய அறை விசாலமாகத் தெரிந்தாலும் வெறுமையாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும் என்கிறார். எப்போதும் புழங்கும் அறைக்குப் பச்சை நல்லது என்கிறார். அவருடைய வைமார் வீட்டில் படிப்பறை பச்சைதான், சொன்னபடி நடந்திருக்கிறார். ஆனால் ஜூனோவின் பெரிய சிலைத்தலை இருக்கும் அறை, விருந்தாளிகளோடு அவர் உட்கார்ந்த அறை, நீலம். வெறுமை அங்கே அவருக்குத் தேவைப்பட்டது போலிருக்கிறது. உடம்புக்கு நிஜமாகவே சூடு தெரியுமா என்றும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1972இல் பென்னெட், ரே என்ற இருவர் ஆட்களுக்குச் சிவப்பு, நீலம், நிறமற்றது என்று கண்ணாடி மாட்டிவிட்டு, அறை வெப்பத்தை மாற்றிக் கேட்டார்கள். சிவப்பு சூடு என்று நாம் நினைக்கிறோமே தவிர, உடல் உணரும் சௌகரியம் அதனால் மாறவில்லை என்பது அவர்கள் கண்டது. பின்னால் வந்த ஆய்வுகளில் சிலவற்றில் சின்ன விளைவு தெரிகிறது, சிலவற்றில் இல்லை. ஒரு ஸ்வெட்டர் செய்கிற வேலையைப் பெயின்ட் செய்யாது.

லார்சன் வீட்டில் அந்த வேலையைச் செய்தது அடுப்பு. 1767இல் குரோன்ஸ்டெட்டும் வ்ரேடேயும் சேர்ந்து புகைவழியை மேலும் கீழுமாய் மடக்கி ஓடவிட்ட பிறகு, சுவீடனின் ஓட்டு அடுப்பு ஒரு தடவை விறகு வைத்தால் மணிக்கணக்காக வெப்பம் கொடுக்க ஆரம்பித்தது. பளபளக்கும் ஓடுகள் பதித்த அந்தத் தூண் பாட்டுக்கு மூலையில் நிற்கும். அது வந்த பிறகு சுவருக்குச் சூட்டை நடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, வெளிறியிருக்கலாம். விளக்கும் வேறு. அன்றைக்கு மண்ணெண்ணெய் விளக்கும் மெழுகுவர்த்தியும்தான். மெழுகுவர்த்திச் சுடரின் நிறவெப்பம் 1900 கெல்வினை ஒட்டியது, அந்த ஒளியில் நீலம் குறைவு, சிவப்பு அதிகம். அதில் சாப்பாட்டறைச் சிவப்பு தணல் மாதிரி ஒளிரும். என் அறையில் கூரையில் மாட்டியிருந்தது 4000 கெல்வின் எல்இடி. அதற்குக் கீழே அதே சிவப்பு காய்ந்த ரத்தம் மாதிரி தெரிந்தது.

காரின் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் முக்கியமான குறை இதுதான். அவரும் ஓவியர், ஸ்டாக்ஹோம் அகாடமியில் முறையாகப் படித்தவர். கல்யாணத்துக்குப் பிறகு வரைவதை விட்டார். எட்டுப் பிள்ளைகள் பெற்றார். திரைச்சீலை, மெத்தை உறை, கம்பளம், நாற்காலி என்று கைபட்டதையெல்லாம் தானே வடிவமைத்தார், நெய்தார், தைத்தார். நாம் கதகதப்பு என்று பார்ப்பதில் பாதி, கை தொடும் உயரத்தில் இருக்கும் அவருடைய துணிகள். புத்தக அட்டையில் ஒரே பெயர்தான். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1997இல் கண்காட்சி வைத்தபோது தலைப்பில் இரண்டு பெயரும் இருந்தன, கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து. பெயின்ட் விற்கிற கட்டுரைகள் இன்னும் 'லார்சன் நிறங்கள்' என்கின்றன. துணியைத் தனியாகக் கழற்றிவிட்டுச் சுவரை மட்டும் எடுத்துக்கொண்டால், அந்த வீட்டில் அவர் செய்தது கணக்கிலிருந்தே போய்விடுகிறது.

இதற்காகக் கார்லை நான் மோசடிக்காரர் என்று சொல்லவில்லை. ஸ்டாக்ஹோமின் வறிய குடியிருப்புகளில் வளர்ந்தவர் அவர். 1931இல், அவர் போன பிறகு வந்த சுயசரிதையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிள்ளைப்பருவம் எவ்வளவு இருட்டு என்று தெரியும். அப்படி வளர்ந்தவர் மூலையில்கூட இருட்டு விழாத வீட்டை வரைந்ததில் ஆச்சரியம் இல்லை. எனக்குச் சண்டை அதைச் செய்முறைக் குறிப்பாக விற்கிறவர்களோடுதான்.

இடையில் ஒரு சொல் விஷயம். இவ்வளவு நேரம் 'கதகதப்பு' என்று எழுதிக்கொண்டே வந்தேன், அது முழுக்கச் சரியில்லை. நம்மிடம் 'இதம்' இருக்கிறது. இதமான சூடு என்றும் சொல்வோம், இதமான குளிர் என்றும் சொல்வோம். வருஷம் முழுக்க ஒரு அறை எப்படி இருக்கணும் என்று கேட்டால் கதகதப்பாக இல்லை, இதமாக. ஜூலையில் என் செங்கல் சுவர் இரவு பத்து மணி வெளிச்சத்திலும் கண்ணை உறுத்தியது. கதகதப்பு இருந்தது, இதம் இல்லை.

நண்பர் ஒருவர், உள்ளேயும் அசல் ஃபாலுன் சிவப்பையே அடித்திருக்கலாமே என்றார். அது ஃபாலுன் தாமிரச் சுரங்கக் கழிவில் கிடைக்கும் இரும்பு ஆக்சைடை, ரை மாவுக் கஞ்சியில் காய்ச்சி, ஆளிவிதை எண்ணெய் சேர்த்துச் செய்வது. வெளிச்சுவருக்கு அற்புதம். உள்ளே அடித்தால் சாய்ந்த சட்டையெல்லாம் சிவப்பாகும்.

இரண்டாவது நவம்பரில் சிவப்பை இடுப்புயரத்துக்கு மட்டும் விட்டுவிட்டு, மேலே பாலில் துளி மஞ்சள் கலந்த மாதிரி ஒரு வெளிர் நிறம் அடித்தேன். கூரை விளக்கை அணைத்துவிட்டு, 2700 கெல்வின் பல்பு போட்ட மேசைவிளக்கு இரண்டைத் தாழ வைத்தேன். கட்டிலுக்கு அம்மா அனுப்பிய பவானி ஜமக்காளம். அந்தக் குளிர்காலம் பரவாயில்லை.

காலி பண்ணும்போது எல்லாவற்றையும் வெள்ளையாக்க வேண்டியிருந்தது. மேல்பாதி ஒரே கோட்டில் மூடிவிட்டது. கீழே சிவப்புக்கு ஒரு பிரைமர், மூன்று கோட். அப்படியும் வெயில் பட்டால் லேசாக ரோஸ் எட்டிப் பார்த்தது. சாவியை வாங்க வந்த வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் அந்தச் சுவரையே பார்த்துவிட்டு, "இந்த வெள்ளை என்ன ஷேடு, நல்லா இருக்கே" என்று கேட்டார்.