பின் சீட்டில் இருந்த பையன்

1974-ல் வந்த ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென் அண்ட் த ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' புத்தகத்தில் பைக் வைத்திருப்பவர்கள் ரசிக்க ஒரு இடம் உண்டு. நண்பரின் பிஎம்டபிள்யூவில் ஹேண்டில்பார் லூஸ். பழைய பீர் டப்பாவை வெட்டி இடையில் கொடுத்தால் சரியாயிடும் என்கிறார் கதைசொல்லி. பிஎம்டபிள்யூவுக்குப் பீர் டப்பாவா என்று நண்பருக்கு மனசு வரவில்லை. மெல்லிய அலுமினியத் தகடு, துருப்பிடிக்காது. வேலைக்கு வேற என்ன வேணும்?

சரி. ஆனா எனக்கு இடிப்பது வேறு இடம். மினசோட்டாவில் இருந்து கலிபோர்னியா வரை பின் சீட்டில் வருவது 11 வயது மகன் கிறிஸ். இன்ஜின் சத்தம் லேசாக மாறினாலும் அப்பா காதுக்குத் தெரிகிறது. பையன் ஏன் அழுகிறான், ஏன் அடிக்கடி வயிற்றுவலி என்கிறான் என்பது மட்டும் ஏறக்குறைய கடைசிவரை பிடிபடவில்லை.

முடிவில் பையன் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று அப்பாவின் தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்க்கிறான். அதுவரை அவன் பார்த்தது அப்பாவின் முதுகைத்தான். நடுவில் வரும் நீளமான தத்துவப் பக்கங்கள் சலிப்பூட்டுவது உண்மை. இருந்தாலும், கதைசொல்லி கவனிக்காததைப் பிர்சிக் கவனித்திருக்கிறார்.

நாம் எழுதும் பைக் அனுபவங்களில் மைலேஜ் வருது, பிக்கப் வருது. பின்னால் உட்கார்ந்தவரிடம் எத்தனை பேர் கேட்டு எழுதுறோம்?