செவிலியக் கல்வியின் நான்கு பள்ளிகளும் ஓர் உரைகல்லும்

மருத்துவத்தை நால்வகைப் பொறுப்பாகப் பிரித்துச் சொன்னது திருக்குறள். மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, உடனிருந்து கவனிப்பவருக்கும் சம இடம் உண்டு. அவருக்கு வேண்டிய தகுதிகள் நான்கு என்கிறார் உரையெழுதிய பரிமேலழகர்: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்களில் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வல்லமை, அறிவு. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையும் ஏறத்தாழ இதே நான்கைத்தான் கேட்கிறது.

சொல்லோடு நின்றுவிடாமல் இது செயலிலும் இருந்தது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஓர் ஆதுலசாலையை, அதாவது மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறது. படுக்கைகள் 15. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர், நாவிதர் ஒருவர். இவர்களோடு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர். மருத்துவமனை என்றால் சம்பளம் பெறும் செவிலியர் வேண்டும் என்று கல்லில் பொறித்துவைத்த நாடு இது.

நவீன செவிலியக் கோட்பாடுகளைப் படிக்கும்போது பரிமேலழகரின் அந்த நான்கு தகுதிகளும் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. எதை முதலில் வைப்பது என்பதில்தான் சிந்தனைப் பள்ளிகள் வேறுபடுகின்றன.

நான்கு பள்ளிகள்

தூய்மையை முதலில் வைத்தவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போரில் காயத்தைவிடத் தொற்றுநோயால் மடிந்த வீரர்களே அதிகம் என்பதைக் கணக்கெடுத்துக் காட்டினார். 1859இல் செவிலியம் பற்றி நூல் எழுதினார். 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி கண்டார். காற்று, வெளிச்சம், நல்ல நீர், கழிவு வடிகால், சுத்தம் ஆகியவற்றைச் சரிசெய்தால் உடல் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் என்பது அவர் கொள்கை.

அன்பை, உறவை முதலில் வைத்தது ஹில்டகார்ட் பெப்லாவின் பள்ளி. செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே ஒரு சிகிச்சை என்று 1952இல் அவர் எழுதினார். ஜீன் வாட்சன் 1979இல் பரிவையே செவிலியத்தின் மையமாக நிறுவினார். நோயாளியின் பண்பாடு, உணவு, நம்பிக்கை ஆகியவற்றை அறியாமல் பரிவு காட்ட முடியாது என்றார் மேடலின் லைனிங்கர்.

செயல்திறனை முதலில் வைத்தவர் வர்ஜீனியா ஹெண்டர்சன். மூச்சு, உணவு, உறக்கம், கழிவு, நடமாட்டம் முதலாக 14 அடிப்படைத் தேவைகளை அவர் வரிசைப்படுத்தினார். பலமும் மனமும் அறிவும் இருந்தால் நோயாளி தாமே செய்துகொள்வதை, அவை இல்லாதபோது செய்துகொடுத்து, விரைவில் அவரைத் தம் காலில் நிற்க வைப்பதே செவிலியர் பணி என்பது அவர் வரையறை. அந்தத் திறன் ஒரே நாளில் வருவதில்லை. புதியவர் அனுபவத்தால் ஐந்து படிகள் ஏறித் தேர்ந்தவராகிறார் என்று பாட்ரிசியா பென்னர் 1984இல் விளக்கினார்.

அறிவை முதலில் வைத்தது டோரதியா ஓரம், கலிஸ்டா ராய் ஆகியோரின் பள்ளி. தன்னைத் தானே கவனித்துக்கொள்வதில் நோயாளிக்கு எங்கே குறை விழுகிறது என்று ஓரம் கேட்டார். முழுதும் செய்துகொடுப்பதா, பாதி கைகொடுப்பதா, கற்றுக்கொடுத்துத் துணைநிற்பதா என்று அதற்கேற்ப முடிவு செய்யச் சொன்னார். மாறும் சூழலுக்கு உடலும் மனமும் எப்படித் தகவமைகின்றன என்று பார்க்கச் சொன்னார் ராய். மதிப்பிடு, பிரச்சினையைக் கண்டறி, திட்டமிடு, செய், மறுபடி மதிப்பிடு என்ற ஐந்து படிகள் இன்று எல்லாச் செவிலியக் கல்லூரிகளிலும் பாடம். பழைய மரபு செவிலியரிடம் கேட்ட அறிவு, சொன்னதைச் சரியாகச் செய்வதற்கானது. நவீனக் கல்வி அதோடு, தாமே கண்டறிந்து முடிவெடுக்கும் அறிவையும் கேட்கிறது. நூறாண்டுகளில் நடந்த பெரிய மாற்றம் இதுதான்.

தமிழ்நாட்டில் கல்வியும் சட்டமும்

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், 1909இல் செவிலியர் பள்ளியையும் தொடங்கினார். அங்கேதான் 1946இல் செவிலியப் பட்டப்படிப்பு வந்தது. அதே ஆண்டில் டெல்லியிலும் வந்தது. இந்தியாவின் முதல் செவிலியப் பட்டப்படிப்புகள் இந்த இரண்டும்.

பதிவுக்கு 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், பேறுகால உதவியாளர் சட்டமும், நாடு முழுமைக்குமான கல்வித் தரத்துக்கு 1947ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் கவுன்சில் சட்டமும் துணைநின்றன. கவுன்சில் சட்டத்தின் இடத்தில் 2023இல் தேசியச் செவிலியர், பேறுகாலப் பணி ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. பி.எஸ்சி. நர்சிங் படிப்பு 2021-22 முதல் செமஸ்டர் முறைக்கு மாறியிருக்கிறது.

பாடத்திட்டம் குறையில்லாதது. ஆனால் போதிய ஆள் இல்லாத வார்டில் அது நிலைக்காது. போதனா மருத்துவமனை வார்டில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற மருத்துவமனையில் ஐந்து பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது கவுன்சில் வகுத்த அளவு. ஒரே நைட் டியூட்டியில் ஒரு வார்டு முழுவதையும் தனியாகச் சுமக்கும் செவிலியரிடம் மதிப்பிடுவது முதலான ஐந்து படிகளையும் எதிர்பார்ப்பது நியாயமல்ல.

உப்பளம் என்னும் உரைகல்

இந்தக் கோட்பாடுகளை உரசிப் பார்க்க ஓர் இடம், விழுப்புரம் மாவட்டத்தில் பெருமுக்கல் மலைக்குக் கிழக்கே உள்ள மரக்காணத்து உப்பளங்கள். கோடையில் பாத்தியில் நின்று உப்பு வாரும் ஐம்பது வயதுப் பெண் ஒருவர், சர்க்கரை நோயும் காலில் ஆறாத புண்ணுமாக நர்சம்மாவிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். புண்ணைக் கழுவிக் கட்டுப்போடுவது திறன். அது போதுமா?

நைட்டிங்கேலின் மாணவி அவர் வேலை செய்யும் இடத்தைக் கேட்பார்: நிழல் உண்டா, குடிநீர் உண்டா, கழிப்பறை உண்டா? உப்பளங்களில் பெண்கள் பலர் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வெயிலோடு சேர்ந்து அது சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. இந்தக் காரணத்தை முதல் நாளே எந்தப் பெண்ணும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். பெப்லா சொன்ன உறவு வளர்ந்த பிறகுதான் சொல்வார். தினமும் பாதத்தை நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்து, புதிய வெடிப்பு உண்டா என்று தாமே பார்க்கக் கற்றுக்கொடுப்பது ஓரத்தின் வழி. காலையில் குடிக்கும் கஞ்சியையும் தொட்டுக்கொள்ளும் கருவாட்டையும் கணக்கில் கொண்டு உணவு சொல்வது லைனிங்கரின் வழி. ஒரே பெண்ணுக்கு நான்கு பள்ளிகளும் வேண்டியிருக்கின்றன. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்ட செவிலியர் கட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்பார், புண் ஆறாது.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் அளவு. அங்கே பணிபுரியும் கிராம சுகாதார செவிலியரும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் நோய்த்தணிப்புச் செவிலியரும் இந்தக் கோட்பாடுகளை நாள்தோறும் சோதித்துப் பார்ப்பவர்கள். அவர்கள் அனுபவம் வகுப்பறைக்குத் திரும்பி வரவேண்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

கோட்பாட்டைப் பத்து மதிப்பெண் விடையாக மட்டும் எழுதவைக்கும் கல்வி பாதிக் கல்விதான். விழுப்புரம், புதுச்சேரி வட்டாரச் செவிலியக் கல்லூரிகள் கம்யூனிட்டி போஸ்டிங்கில் ஒரு பகுதியை உப்பளத் தொழிலாளர் குடியிருப்புகளில் நடத்தட்டும். ஒவ்வொரு மாணவரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, எந்தக் கோட்பாடு எங்கே உதவியது, எங்கே போதவில்லை என்று தமிழில் எழுதட்டும். அந்தக் குறிப்புகளை அடுத்த ஆண்டு மாணவர் படிக்கட்டும். பிள்ளைகளை இந்தப் படிப்புக்கு அனுப்பும் பெற்றோரும் கட்டிடத்தையும் கட்டணத்தையும் பார்ப்பதற்கு முன், அந்தக் கல்லூரிக்குப் போதிய நோயாளிகள் வரும் மருத்துவமனை இருக்கிறதா, மாணவரோடு வார்டில் நிற்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்கட்டும். அந்த இரண்டும் இல்லாத இடத்தில் சான்றிதழ் கிடைக்கும், செவிலியர் உருவாகமாட்டார்.